அந்த 20 சொற்கள்

ஆசிரியருக்கு,

ஊட்டிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை என்று இங்கிலாந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே குழந்தை எழுத்துக் கூட்டத் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான சொற்களைக் காதால் கேட்டுப் பழகியிருக்கும், 'கெட்டில்' என்று கூட்டியதும் அடுப்படி கண்முன் வந்துவிடும். அப்படியும் 2012 முதல் முதலாம் வகுப்பிலேயே 40 சொற்களை வாசிக்கவைத்துச் சோதிக்கிறார்கள், அதில் 20, எழுத்துக் கூட்டத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கப் புனைந்த, அர்த்தமே இல்லாத சொற்கள்! என் பேத்திக்கு 40-மே அப்படித்தான்.

போன மார்கழியில் 'ஃப்ராஸ்ட்' என்று தப்பில்லாமல் படித்தாள், அர்த்தம் கேட்டால் முழித்தாள். வாசலில் புல்லெல்லாம் உறைபனி. சரி வா என்று கூட்டிப்போய்த் தொடவைத்தேன். பள்ளிகளில் வாசிப்பு வேகத்தை அளக்கும் முன் இப்படி நாலு சொல்லைப் பேசிக் காட்டட்டும்.

– ஒரு தாத்தா, ஊட்டி