இரண்டாம் நாள் செய்தி

அன்புள்ள மாப்ள,

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். உன் நான்கு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப் காலத்திலும் பேனா பிடித்து எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். சின்னவளுக்கு மன்னார்குடியிலேயே கல்லூரி கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி பற்றி நீ எழுதவே இல்லையே?

மற்றபடி முழுக்க நெல் கதைதான். குறுவையை அறுத்து அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் தலைகாட்டினால் பிரித்துக் காயவைத்து, மறுபடி மூடி, கடைசியில் அடிநெல் முளைவிட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐப்பசி அடைமழையில் 17 சதவீத நெல்லுக்கு டெல்டாக்காரன் எங்கே போவான்? மத்தியக் குழு வந்து பார்த்துத் தளர்த்துவதற்குள் பாதி முளைத்துவிடும். அந்த இடுக்கில்தான் பேரம் நடக்கிறது. பேசி முடித்தவன் நெல்லுக்கு மட்டும் ஈரப்பதக் கருவி நல்ல எண்ணாகக் காட்டுகிறது. மூட்டைக்கு இவ்வளவு, 40 கிலோவுக்கு மேல் கொசுறாக ஒரு கிலோ, தூற்றுவதற்கும் தைப்பதற்கும் ஏற்றுவதற்கும் தனித்தனி. நெல்லின் விலை ஒழுங்காக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது, மாமூலைத்தான் கைமாற்று வாங்கியாவது முன்பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற உன் வரியை என் மகனிடம் படித்துக் காட்டினேன். "ரசீது கேட்க வேண்டியதுதானே?" என்கிறான். இங்கே பிறந்த பிள்ளை, வேறென்ன கேட்பான்.

"இதெல்லாம் பேப்பர்காரனுக்குத் தெரியாதா?" என்று முடித்திருந்தாய். தெரியும் மாப்ள. எழுதவும் செய்கிறான். வேலைக்குப் போகும்போது ரயிலில் நான் பார்ப்பது தஞ்சைப் பதிப்பைத்தான். வருஷா வருஷம் அதே தலைப்பு: 'விவசாயிகள் வேதனை'. கடைசி வரியில் ஓர் அதிகாரி, பெயர் இல்லாமல், 'புகார் வந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்பார். அத்தோடு சரி. இன்னொரு வகைச் செய்தி உனக்கும் மனப்பாடம்: 'ரசாயனம் தடவிய நோட்டுகளைக் கொடுத்தபோது மறைந்திருந்த லஞ்ச ஒழிப்புப் போலீசார் கையும் களவுமாகப் பிடித்தனர்.' வி.ஏ.ஓ., சர்வேயர், மின்வாரிய ஊழியர் என்று ஆள்தான் மாறும். பிடித்த அன்று படத்தோடு வரும். பிறகு? சஸ்பெண்ட் ஆனவர் எப்போது திரும்பி வந்தார், வழக்கு விசாரணைக்கு வந்ததா, புகார் கொடுத்தவர் கோர்ட்டில் பேச்சை மாற்றிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டாரா, தீர்ப்பு என்ன? இரண்டாம் நாள் செய்தி என்று ஒன்று நம்ம ஊரில் கிடையாது. புகார்தாரர் பிறழ்ந்தாலும் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நம்ம மாவட்டத்தில் எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள்? எந்தப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை.

தாலுகா நிருபரைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிடித்துக் கொடுக்கிற விளம்பரத்தில் வரும் கமிஷன்தான் வருமானம். விளம்பரம் கொடுக்கிறவர்கள் யார்? அவர் யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களேதான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருக்கும் டிவிக்காரர்கள் மீதுதான் எனக்குக் கோபம். ராத்திரி நான்கு கட்சிக்காரர்களைக் கத்தவிட்டு அதற்கு விவாதம் என்று பெயர். டெல்டா அவர்கள் கண்ணில் படுவது மேட்டூர் திறக்கும் ஜூன் 12 அன்று மதகில் பூத் தூவும்போதும், வெள்ளத்தில் பயிர் மூழ்கும்போதும்தான்.

நான் இருக்கும் ஊர் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. இங்கே போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரன் வழக்கை நீயும் படித்திருப்பாய். நாடகம், கால்பந்து, கார்ப் பந்தய டிக்கெட்டுகள், விஸ்கி, ஒரு மடக்கு சைக்கிள் என்று மொத்தம் 4 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் அன்பளிப்பு. 2023 ஜூலையில் கைது, 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு. அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். நீதிபதி கொடுத்தது 12 மாதம் சிறை. அதில் முக்கியமானது தண்டனைச் சட்டம் 165ஆம் பிரிவு. கைம்மாறாக என்ன செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் உரிய விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருள் வாங்கினாலே குற்றம். வேடிக்கை என்னவென்றால், இது வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து இங்கே வந்த பிரிவு. நம்ம ஊரில் அதை 1988இல் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். சட்டம் ஒன்றுதான், முடித்துவைக்கும் வேகம்தான் வேறு.

ஆனால் பத்திரிகை? அவர் கைதானது ஜூலை 11. கைதானார் என்று நாங்கள் அறிந்தது 14ஆம் தேதி, அதுவும் ஊழல் புலனாய்வுப் பிரிவு அறிவித்த பிறகு. நடுவில் 'விசாரணைக்கு உதவுகிறார், விடுப்பில் போகிறார்' என்பது மட்டுமே. கொடுத்ததை அழகாக அச்சடித்தார்கள், தோண்டி எடுக்கவில்லை. ஊழல் குறைந்த நாடுகளின் 2024 பட்டியலில் சிங்கப்பூர் 3ஆம் இடம், இந்தியா 96. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான 2025 பட்டியலில் சிங்கப்பூருக்கு 123, இந்தியாவுக்கு 151. இரண்டையும் சேர்த்துப் பார், இங்கே ஊழலைப் பிடித்தது பத்திரிகை இல்லை என்று புரியும். மேலே இருப்பவர்கள் கண்டிப்பாக இருக்கும்வரை ஓடும். நாளைக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் யார் கேட்பது என்று எனக்குள் ஒரு பயம் உண்டு. வெளியே சொல்வதில்லை.

இந்த ஊர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசை நடத்திய கோ. சாரங்கபாணி நம்ம திருவாரூர்க்காரர், தெரியுமா? 1950களில் இங்குள்ள தமிழர்கள் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார். குடியுரிமை இல்லாதவனுக்குக் கேட்கும் வாயும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் பிற்பாடு வாங்கினேன். இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான், ஆகவே ஊரில் நான் ஒரு மனுப் போட முடியாது. சிங்கப்பூரிலோ அப்படி ஒரு சட்டமே இல்லை.

உன்னிடம் அந்த உரிமை இருக்கிறது. மனுப் போட்டால் அடுத்த போகம் நெல்லை எடுக்க மாட்டான் என்று பயப்படுவாய், நியாயம்தான். அதனால் நெல் போடாத ஆளாகப் பிடி. நம்ம கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று சும்மாதானே இருக்கிறார்? 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். கடந்த ஐந்து வருஷத்தில் மாவட்டக் கொள்முதல் நிலையங்களில் லஞ்சப் புகாரில் சஸ்பெண்ட் ஆனவர்கள் எத்தனை பேர், மறுபடி வேலைக்கு வந்தவர்கள் எத்தனை, தண்டனை எத்தனை பேருக்கு, ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிய மூட்டைகள் நிலையவாரியாக எத்தனை என்று கேட்கச் சொல். பெயர் கேட்க வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திய பிறகு 'தனிநபர் தகவல்' என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கு இன்னும் சுலபம். எண்ணிக்கையை அப்படி மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வந்த பதிலை அந்தத் தாலுகா நிருபர் கையில் கொடு. அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் என்றால் அவருக்கும் விளம்பரம் போகும் என்ற பயம் குறையும்.

வாத்தியார் எழுதியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. 'ஐயா சமூகம் கருணை கூர்ந்து' என்று தொடங்கி அரைப் பக்கம் கும்பிடு போடுவார், அதை அடித்துவிடு. கேள்வி மட்டும் இருக்கட்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவிலேயே இருக்கிறது.

அன்புடன்,
உன் சிங்கப்பூர்க்காரன்