மேலூரிலிருந்து அப்பா எழுதுவது

அன்புள்ள தாயி,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியத்தை வீட்டு விஷயம் நீ பயந்த மாதிரியேதான் முடிந்தது, அதை நேரில் சொல்கிறேன். பெரியாறு கால்வாயில் இன்னும் தண்ணீர் விடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கொஞ்ச நாளாக ஃபோனில் உன் பேச்சு 'ம்', 'சரிப்பா', 'அப்புறம் பேசுறேன்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் கேலக்சி என்னும் அந்த நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி ஆரம்பித்தால் அம்மா தூங்கிப்போன பிறகும் நிறுத்த மாட்டாய். வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. சின்னவன் ஏதோ சொன்னான், அதையும் கேட்கப்போவதில்லை. நீ படிப்பதில் நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பேச ஒரு வழி கிடைக்குமே என்றுதான், நீ விட்டுவிட்டுப் போன தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். புரியாததைச் சின்னவன் தமிழில் தேடிக் கொடுத்தான்.

என்ஜிசி 1300 என்ற கேலக்சியின் படம் உன் மேசைக்கு மேல் அப்படியே இருக்கிறது. 6 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது. சாதாரணச் சுருள் கேலக்சி என்றால் கைகள் நடு உருண்டையிலிருந்தே கிளம்பிவிடுகின்றன. இதிலோ நடுவில் குறுக்காக நீளமான ஒரு பட்டை, அதன் இரண்டு முனைகளிலிருந்துதான் கைகள் வளைந்து போகின்றன. வானியலாளர் ஹப்பிள் 1926-லேயே இந்த வகையைத் தனியாகப் பிரித்துவிட்டாராம். சுருள் கேலக்சிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு என்று டீக்கடையில் சொன்னேன். "உங்க பொண்ணு இதைத்தான் படிக்குதா" என்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்படிப்பட்ட பெண் அப்பனுக்கு வாரத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

அந்தப் பட்டை கெட்டியான பொருள் இல்லை என்பது எனக்குப் புதிது. நட்சத்திரங்கள் நீளவாக்கில் சுற்றிச் சுற்றி வருவதால் உண்டாகும் வடிவம், அந்த வடிவமே மொத்தமாகச் சுழல்கிறது. அதற்குள் வரும் வாயு மோதி, சுழலும் வேகத்தை இழந்து, பட்டையோடு ஓடும் இருண்ட தூசிக் கோடுகள் வழியாக நடுவுக்கு இறங்குகிறது. படித்ததும் நம் கண்மாயின் வரத்துக்கால்தான் கண்ணுக்கு முன் வந்தது. நடுவில் போய்ச் சேர்ந்த வாயு பல கேலக்சிகளில் வளையமாகத் தங்கி, அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. என்ஜிசி 1300-இன் நடுவில் 3,300 ஒளியாண்டு அகலத்துக்குத் தனியாக ஒரு குட்டிச் சுருளே இருக்கிறது. அதை உன் படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பிடித்தேன்.

ஆனால் பட்டை வாரிக்கொண்டு போன பகுதியில் வாயு தீர்ந்து, அங்கே புது நட்சத்திரம் பிறப்பது அநேகமாக நின்றுவிடுகிறதாம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு வேலைக்கே இழுத்துக் கொட்டாதே, தாயி. சாப்பாடு, தூக்கம், நாலு சிநேகிதிகளோடு பேச்சு, எல்லாம் வேண்டும். போன தடவை வந்தபோதே உன் மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடு என்று சும்மா சொல்லவில்லை.

2008-இல் வந்த ஆய்வை நீ கோடு போட்டு வைத்திருந்தாய். 700 கோடி ஆண்டுகளுக்கு முன் சுருள்களில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் பட்டை இருந்தது, மற்ற பலவற்றில் அது பிற்பாடுதான் உருவானது. அப்புறம் பார்த்தால் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்சிகளிலும் பட்டை இருப்பதை வெப் தொலைநோக்கி காட்டியிருக்கிறது. ஒன்றுக்கு அவ்வளவு சீக்கிரம், இன்னொன்றுக்கு அவ்வளவு தாமதம். உன்னோடு சேர்ந்தவர்கள் முடித்துவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பணத்துக்கு முடையென்றால் சொல். கிணற்றடி நிலத்துப் பேச்சை எடுக்கக் கூடாது என்று நீ அன்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் சொல்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது. களத்தில் போய் நின்று தெற்கே தனுசு பக்கம் பார்த்தேன். நம் பால்வீதியின் பட்டை அந்தத் திசையில்தானே இருக்கிறது? நாம் அதே தட்டுக்குள் இருப்பதால் பக்கவாட்டில்தான் பார்க்க முடிகிறது, தூசி வேறு மறைக்கிறது. 2005-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் 3 கோடி நட்சத்திரங்களைப் பார்த்த பிறகுதான் பட்டை சுமார் 27,000 ஒளியாண்டு நீளம் என்று கணக்கிட்டார்கள். நாம் நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். பட்டை நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு அதன் நீளத்தில் பாதிதானே, அப்படியென்றால் நாம் அதன் முனையையும் தாண்டி வெகுதூரம் வெளியே. அதன் இழுப்பு இவ்வளவு தூரம் வந்து சூரியன் போகும் பாதையைத் தொடுமா? சின்னவனைக் கேட்டால், அக்காவைக் கேளுங்கள் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வெளியே எங்கும் போகமாட்டேன், அங்கே உனக்குக் காலை. கூப்பிட்டு இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல். வேறு எதுவும் நான் கேட்கமாட்டேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல், அம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா