குடிமைக் கல்விக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அமைச்சர்களுக்கும் மானியக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பல்கலைக்கழகங்கள் இளைஞர்களுக்காக நடத்தும் குடிமைக் கல்வித் திட்டங்களுக்கு எவ்வளவு பொது நிதி தருவது, எந்த நிபந்தனைகளோடு தருவது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நிதியைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்து தாருங்கள். அதே வேளையில், பாடத்தின் உள்ளடக்கத்தில் ஆட்சியாளர்கள் தலையிட முடியாதபடி விதிகளிலேயே வரம்பு கட்டுங்கள். இவ்விரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் காலத்தைப் பற்றி. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய மானியத்தில் ஒரு கருத்தரங்கும் ஓர் உறுதிமொழி ஏற்பும்தான் நடக்கும். ஓர் உள்ளாட்சி அமைப்பின் வரவுசெலவுத் திட்டம் எப்படி உருவாகிறது என்பதை ஒரு மாணவர் உண்மையாகவே அறிய வேண்டுமானால், வரைவு நிலையிலிருந்து விவாதம், ஒப்புதல், செலவு, தணிக்கை வரை அவர் அதைப் பின்தொடர வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குள் அடங்குவதில்லை. ஒப்பந்தம் முடிந்து ஒருங்கிணைப்பாளர் வெளியேறும்போது, பள்ளிகளோடும் உள்ளாட்சி அலுவலர்களோடும் அவர் வளர்த்த நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. இங்கிலாந்தில் குடிமைக் கல்வி பற்றி ஆராய அரசு அமைத்த, பேராசிரியர் பெர்னார்டு கிரிக் தலைமையிலான குழுவின் அறிக்கை 1998-இல் வெளியானதைத் தொடர்ந்து, 2002-இல் குடிமைக் கல்வி உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமானது. அப்படியிருந்தும் அது காலப்போக்கில் நலிய விடப்பட்டதையும், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்பதையும் 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையின் குழுவே சுட்டிக்காட்டியது. பாடத்தைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. அதைக் கற்பிப்போரை உருவாக்கவும் தக்கவைக்கவும் தொடர்ந்து பணம் வேண்டும், அந்தப் பணியைப் பல்கலைக்கழகங்களே செய்ய முடியும்.

உள்ளடக்கம் பற்றிய அச்சம் நியாயமானது. அரசுப் பணத்தில் நடக்கும் அரசியல் கல்வி ஆளுங்கட்சியின் பரப்புரையாகிவிடும் என்று ஒரு சாராரும், பேராசிரியர்களின் சார்பு மாணவர்கள்மீது திணிக்கப்படும் என்று மறுசாராரும் கவலைப்படுகின்றனர். மேற்கு ஜெர்மனியில் இதே பூசல் முற்றியிருந்த நிலையில், 1976-இல் பாய்டெல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய கல்வியாளர்களின் விவாதத்திலிருந்து மூன்று நெறிகள் உருவாயின: ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மீது திணிக்கக் கூடாது, அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பறையிலும் சர்ச்சைக்குரியதாகவே முன்வைக்கப்பட வேண்டும், தம் நிலையையும் நலன்களையும் தாமே ஆராயும் திறனை மாணவர் பெற வேண்டும். இவை சட்டமாக இயற்றப்படாமலேயே இன்றுவரை ஜெர்மனியில் வழிகாட்டியாக நிற்கின்றன. 1952-இல் அங்கு தொடங்கப்பட்ட கூட்டாட்சி அரசியல் கல்வி மையம் உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கினாலும், அதன் நடுநிலையை நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழு கண்காணிக்கிறது. கண்காணிப்பில் எதிர்க்கட்சிக்கும் இடம் தருவதே இங்கு முக்கியமானது என்று கருதுகிறேன்.

இன்னொன்றையும் நிபந்தனையாக்குங்கள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்களோடு இத்திட்டங்கள் நின்றுவிடக் கூடாது. படிப்பை இடையில் விட்டவர்களும் இளம் தொழிலாளர்களும் அவர்களுக்கு உகந்த நேரத்தில் பங்கேற்க வழியும், இழக்கும் ஊதியத்துக்கு ஈடான உதவித்தொகையும் வேண்டும்.

மதிப்பீட்டில் வருகைப் பதிவேட்டை மட்டும் கேட்காதீர்கள். ஒரு குறையை எந்த அலுவலகத்தில் முறையிடுவது என்று பங்கேற்றவருக்குத் தெரிகிறதா, தமக்கு உடன்பாடில்லாத தரப்பின் வாதத்தை அவர்களே ஏற்கும்படி எடுத்துரைக்க முடிகிறதா என்று கேளுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது ஐந்தாண்டு மானியமாக இதனை அறிவித்து, மானியம் பெறும் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் பொதுவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்