தறை தந்தவருக்கும் கதிரை தந்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பக்கத்து விழாக்களில் நன்றியுரை என்பது கடைசியில் வரும் சங்கதி. அதற்குள் பாதிச் சனம் எழும்பிப் போய்விடும். மிச்சப் பேர் செருப்புத் தேடிக்கொண்டு நிற்பார்கள். மைக் செட்காரத் தம்பி வயரைச் சுருட்டத் தொடங்கியிருப்பார். உண்மையில் நன்றி கேட்க வேண்டியவர்களோ அந்த நேரம் அடுப்படியில் கிடாரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இம்முறை எங்கள் மூன்று நாள் இலக்கிய விழாவில் மேடையில் நன்றியுரை வேண்டாம், பிறகு ஆறுதலாக எழுதுவோம் என்று விழாக் குழுவில் முடிவெடுத்தோம். அந்த மடல்தான் இது.

பெயர்கள் எதையும் இதில் போடவில்லை. பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதோடு, ஊரில் பத்துப் பெயரை எழுதிப் பதினோராவதை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஏடு கொடுத்து உதவியவர்களைப் பதிப்புரையில் பெயர் சொல்லி எழுதி வைத்தார். 1887இல் வந்த கலித்தொகைப் பதிப்பைப் பற்றி முதல் நாள் காலை அமர்வில் பேசியபோது அதையும் பேசினோம். அவருக்கு அந்தத் துணிவு இருந்தது. எங்களுக்கு அடுத்த வருசமும் இதே ஊரில் விழா நடத்த வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது, பொது நூலகத்தில் மண்டபம் இருக்கிறது, ஆவணி வெயிலில் ஏன் தோட்டத்துக்குள் போய் இலக்கிய விழா என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ரவுணில், அதாவது யாழ். நகரத்தில், ஆறு மணிக்குக் கவியரங்கு என்றால், வலிகாமம் கிழக்கில் இருக்கிற ஒருவருக்கு அதைக் கேட்டு முடித்துத் திரும்பி வர பஸ் இல்லை. வாசிக்கிற சனம் ஊரில் இருக்கிறது. கூட்டம் மட்டும் ரவுணில் நடக்கிறது. பௌர்ணமிப் போயா லீவோடு சேர்ந்து மூன்று நாள் கிடைத்ததால் ஒருமுறை மாற்றிச் செய்து பார்த்தோம்.

முதல் நன்றி விழாவுக்குத் தன் தறையை, அதாவது தோட்ட நிலத்தை, தந்த ஐயாவுக்கு. வெங்காயம் கிண்டி முடிந்த தறை அது. அடுத்த பயிருக்குக் கொத்திப் பாத்தி கட்ட வேண்டிய நேரம். கேட்கப் போனபோது, “எத்தினை நாளைக்கு?” என்று மட்டும் கேட்டார். இலக்கியம் என்றால் என்ன, யார் யார் வருகிறார்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை. தருவதென்று முடிவெடுத்த பிறகு அவர் வெறும் நிலத்தை மட்டும் தரவில்லை. செம்மண்ணில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடித்தால் தூசி எப்படிக் கிளம்பும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். மூன்று நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்டர் பம்பை இயக்கி, ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள்ளும் வெளியிலும் நடந்தார். கூட நனைத்தால் சேறு, குறைய நனைத்தால் பத்து மணிக்கே தூசி. ஹோஸின் வாயைப் பெருவிரலால் பாதி மறைத்து, தண்ணீரைத் தூவலாக விசிறியபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போவார். நனைத்த இடத்தில் தன் கால் படக்கூடாதாம். நாங்கள் உதவிக்குப் போனபோது தள்ளி நிற்கச் சொன்னார். “வெங்காயத்துக்கு இறைக்கிற மாதிரி இல்லைத் தம்பி, இது செருப்போட நடக்கிற பயிர்” என்றார்.

இந்தத் தண்ணீரின் பெறுமதி வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாரி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் வருசம் முழுக்கக் கிணற்றில் தண்ணீர். ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் தன் கிணற்றைத் திறந்துவிடுவது சின்ன விசயமில்லை. மண்ணெண்ணெய்க் காசு கொடுக்கப் போனவரையும் அவர் ஏசித்தான் அனுப்பினார்.

அதே சோளகம் புத்தகக் கடைகளையும் விட்டுவைக்கவில்லை. முதல் நாள் காலை மேசையில் விரித்த கவிதைத் தொகுப்புகள் எல்லாம் பக்கத்து மரவள்ளித் தோட்டத்துக்குள் போய்விட்டன. பொறுக்கிக்கொண்டு வந்து தந்தவர்கள் அங்கே புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள். வந்ததோடு நிற்கவில்லை. தோட்டத்து வரம்பில் கிடந்த சுண்ணாம்புக் கற்களை எடுத்துக் கிணற்றடியில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் மேல் ஒரு கல் வைத்துவிட்டுப் போனார்கள். மெல்லிய கவிதைப் புத்தகங்களுக்குப் பெரிய கல், தடித்த நாவல்களுக்குச் சின்னக் கல். இதைவிட நேர்மையான நூல் மதிப்புரையை அண்மையில் நான் பார்க்கவில்லை! அவர்களில் இரண்டு பேர் பின்னேரம் குளித்து, வெளிக்கிட்டு வந்து புத்தகமும் வாங்கினார்கள்.

அடுத்தது அம்மன் கோயில் நிர்வாகத்தார். கோடை என்றால் எங்கள் ஊர்களில் கொடியேறாத கோயிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். பந்தல்காரர், சவுண்ட்காரர், ஜெனரேட்டர்காரர் எல்லோரும் திருவிழாக்களுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குக் கிடைத்த சவுண்ட் செட், கோயிலுக்குப் பிடித்ததில் பாதி. கோயில்காரரே சவுண்ட்காரருக்குச் சொல்லிப் பிரித்துத் தந்தார்கள். அதோடு, எங்கள் பந்தலைப் பார்த்தபடி பனையில் கட்டியிருந்த இரண்டு ஊதுகுழல் ஸ்பீக்கர்களையும் மற்றப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சீர்காழியாரின் குரலோடு போட்டி போட்டுக் கவிதை வாசிக்க எங்கள் கவிஞர்களில் எவராலும் முடியாது என்று கோயில் செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான்.

இனி இரண்டாம் நாள். அன்று விடிய, மேற்கு ஒழுங்கையில் ஓர் ஆச்சி காலமானார்.

நாங்கள் பாவித்த கதிரைகளும் தகரப் பந்தலும் மரணாதாரச் சங்கத்துடையவை. கதிரைகளின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் சங்கத்தின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து முதல் நாளே நகைச்சுவை விட்டவர்கள் உண்டு. ஊரில் மரணம் என்றால் கதிரை அங்கேதான் போக வேண்டும் என்ற உடன்பாட்டில்தான் தந்தார்கள். ஏழு மணிக்குக் கதிரை ஏற்ற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்திருந்த எழுத்தாளர்கள் சிலர், நாங்கள் கேட்காமலே எழும்பிக் கதிரைகளை அடுக்கி ஏற்றினார்கள். பூதவுடல் எடுக்கும் வரை மைக் போடுவதில்லை என்று குழுவில் எல்லோரும் ஒரே வாயில் சொன்னோம். அன்றைய நிகழ்ச்சியை விட்டுவிடலாமா என்றும் யோசித்தோம்.

அப்போது அந்த வீட்டிலிருந்து ஒரு பேரன் சைக்கிளில் வந்தான். தன் மாமா சொல்லிவிட்டாராம்: “வந்த ஆக்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பின்னேரத்துக்குப் பிறகு மைக்கையும் போடுங்கோ. நாளைக்குக் கூத்தையும் நிப்பாட்டாதேங்கோ. கூத்தெண்டால் அம்மா விடிய விடிய முழிச்சிருந்து பார்க்கிற மனிசி.” துக்க வீட்டில் அன்றைக்கு ஆயிரம் அலுவல். அதற்குள் எங்கள் விழாவையும் நினைத்து ஆள் அனுப்பிய அந்தக் குடும்பத்துக்கு, இந்த மடலில் நான் சொல்லும் நன்றிகளில் பெரிய நன்றி.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பாயும் சாக்கும் வந்தன. வேப்பமரத்துக்குக் கீழே விரித்துக்கொண்டு இருந்தோம். மலையகத்திலிருந்து வந்த ஒரு அக்கா தன் கதையை மைக் இல்லாமல் வாசித்தார். அவருடைய குரல் மெல்லியது. கேட்காதவர்கள் கிட்டக் கிட்ட நகர்ந்து வந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் ஒரே அறைக்குள் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் கதை. ஒழுங்கைக்குள்ளிருந்து பறை கேட்டபோது நிறுத்தினார், ஓய்ந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். யாரும் போனை எடுக்கவில்லை. வாசித்து முடிந்ததும் கை தட்டுவதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓர் அப்பு, “அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, படிக்கப் போச்சுதோ?” என்று கேட்டார். அங்கிருந்து தொடங்கிய பேச்சு மத்தியானம் வரை போனது. மூன்று நாளில் நடந்த அமர்வுகளில் எனக்குப் பிடித்தது இதுதான். அடுத்த முறை மேடையே தேவைதானா என்று குழுவுக்குள் இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாதர் சங்கத்தார் என்னை மன்னித்தாலும் சாப்பிட்டவர்கள் மன்னிக்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த சில பேர் நண்டும் இறாலும் போட்ட ஒடியற்கூழை நினைத்துக்கொண்டே யாழ்தேவி ஏறியிருந்தார்கள். ஆனால் கோயில் கொடியேறியிருக்கும்போது ஊரில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்க மாட்டார்கள். முருங்கைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், பருப்பு, மாங்காய்ச் சம்பல், அப்பளம், வாழையிலை. முதல் நாள் முகம் வாடியவர்கள் மூன்றாம் நாள் பால்கறிக்கு இரண்டாம் தரம் வரிசையில் நின்றதை நான் கண்ணால் கண்டேன். காலையில் இடியப்பமும் சொதியும், பின்னேரம் தேத்தண்ணீரோடு பனங்கட்டி. இருபது பேருக்குக் கணக்குப் போட்ட இடத்தில் நாற்பது பேர் வந்து நின்றபோதும் அந்த அம்மாக்கள் முகம் சுளிக்கவில்லை, சொதிக்குள் தண்ணீரும் விடவில்லை. விறகு வெட்டித் தந்த, தேங்காய் துருவித் தந்த பொடியன்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இலக்கியக் கூட்டத்துக்கு வந்து தேங்காய் துருவினேன் என்று அதில் ஒருவன் வீட்டில் முறைப்பாடு செய்ததாகவும் கேள்வி.

வந்தவர்கள் படுத்தெழும்பிய வீடுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தவை. உரிமையாளர்கள் கனடாவில், லண்டனில், சுவிஸில். வட்சப்பில் ஒரு வார்த்தை கேட்டதும் திறப்பு எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு அண்ணை மட்டும், கிணறு கன நாள் பாவிக்கவில்லை, இறைத்துப்போட்டுத்தான் குளிக்க வேண்டும், மாமரத்தில் பழம் இருந்தால் பிடுங்கிச் சாப்பிடச் சொல்லுங்கோ, என்ன ருசி என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கோ என்று செய்தி அனுப்பினார். கறுத்தக்கொழும்பான் காலம் முடிந்துவிட்டது அண்ணை, மரத்தில் ஒன்றுமில்லை. வைகாசியில் வாருங்கோ.

பழைய சஞ்சிகைக் கண்காட்சிக்குப் பெட்டி திறந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். 1930இல் தொடங்கிய ஈழகேசரியின் சில இதழ்கள், 1946இல் வந்த மறுமலர்ச்சி, 1966இல் தொடங்கிய மல்லிகை என்று எல்லாமே தனி வீடுகளிலிருந்து வந்தவை. 1995 ஐப்பசியில் போரால் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன ட்ரங்குப் பெட்டியில் இருந்தவை அவற்றில் சில. அரிசியை வைக்கவா புத்தகத்தை வைக்கவா என்று அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்ததாம். சண்டையில் தோற்றவர், அதாவது அரிசி கேட்டவர், இப்போது கண்காட்சி மேசைக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கதிரை போட்டு இருந்து, தொட்டுப் பார்க்க வந்த பிள்ளைகளின் கைகளைக் கழுவ வைத்தார். பக்கங்களைப் பிள்ளைகள் போனில் படமெடுத்திருக்கிறார்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளத்தில் இல்லாதவை இவற்றில் எவை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நடக்கிறது. இதழ்கள் எல்லாம் பத்திரமாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன.

கடைசி இரவு காத்தவராயன் கூத்து. அண்ணாவியாருக்கும் ஆடியவர்களுக்கும் ஆர்மோனியக்கார ஐயாவுக்கும், கூத்தைக் கட் பண்ணாமல் விடிய நாலரை வரை இருந்து பார்த்த சனத்துக்கும் நன்றி. நிலவு நன்றாக இருந்ததால், மின்சாரம் போன முக்கால் மணித்தியாலத்தை அதிகம் பேர் கவனிக்கவேயில்லை.

வாங்குகள் தந்த சனசமூக நிலையத்தார், தறப்பாள் தந்த கமக்காரர் அமைப்பு, தண்ணீர்ப் பவுசர் அனுப்பிய பிரதேச சபை, ஒலிபெருக்கி அனுமதிக்கு எங்களோடு அலைந்த கிராம அலுவலர் விதானையார், இரவு பதினொரு மணிக்கும் ரவுணுக்கு ஓடிய இரண்டு ஓட்டோக்காரத் தம்பிமார், எல்லோருக்கும் நன்றி.

உதவுவதாகச் சொல்லிக் கடைசி வாரத்தில் கையை விரித்த இடம் ஒன்றும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வகையில் கடமைப்பட்டிருக்கிறோம். காசு குறைந்ததால் பொன்னாடை, நினைவுச் சின்னம், பிரதம விருந்தினர், மங்கல விளக்கேற்ற வரிசையாகப் பதினைந்து பேர், எல்லாவற்றையும் வெட்டினோம். விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது.

வரவு செலவுக் கணக்கு சனசமூக நிலைய விளம்பரப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு குடை, ஒரு குழந்தைச் செருப்பு, கையெழுத்தில் பாதி எழுதிய ஒரு சிறுகதை ஆகியவை அங்கே இருக்கின்றன. உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும். மாதர் சங்கத்தின் சின்னக் கிடாரம் இன்னும் திரும்பி வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கோயில் பொங்கலுக்குத் தேவை. யாருடைய வீட்டில் இருக்கிறதோ, அதற்கு முன் கொண்டுவந்து தரவும். ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
செயலாளர்,
விழாக் குழு