தைத்த நூலின் பெயரையும் எழுதித் தாருங்கள்

இந்திய அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். நன்றாகத் தேறிவிட்டார், அந்த மருத்துவர்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகள் எல்லாம் மில்லிகிராம் கணக்கோடு இருக்க, குடலை எந்த நூலால் தைத்தார்கள் என்பது மட்டும் இல்லை. கேட்டபோது, "அது உங்களுக்கு எதற்கு?" என்றார்கள்.

எதற்கு என்று சொல்கிறேன். கட்டியை எடுத்த பிறகும் சிலருக்குத் தையல் போட்ட இடத்திலேயே நோய் திரும்புவதை நீங்கள் அறிவீர்கள். கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றணுக்கள் குடலுக்குள் உயிரோடு கிடக்கலாம். ஊசியோடும் நூலோடும் அவை குடல் சுவருக்குள் போகலாம். முனைகளை இணைக்கும் முன் குடலைக் கழுவும் வழக்கம் இந்தக் கவலையில் பிறந்ததுதான். 1980களில் எலிகளில் நடந்த சோதனைகள் வேறொரு கேள்வியையும் எழுப்பின. டைமெத்தில் ஹைட்ரசின் போன்ற, புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கொடுத்த எலிகளுக்குத் தையல் கோட்டை ஒட்டியே கட்டிகள் மிகுதியாகத் தோன்றின. எஃகுக் கம்பியால் தைத்தபோது அது கூடியது. கரையாமல் தங்கிவிடும் பொருள், ஆறிவரும் இடத்தில் அணுக்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறதோ என்ற ஐயம் அங்கிருந்து வந்தது.

எலி வேறு, மனிதர் வேறு. எந்தத் தையல் நூலும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. இதைப் படிக்கும் நோயாளி எவரும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டியை உள்ளே விட்டுவைப்பதுதான் ஆபத்து.

ஆனால் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. பாலிகிளாக்டின் நூல் இரண்டு மாதங்களையொட்டிக் கரைந்துவிடுகிறது. பாலிடையாக்சனோன் நூல் கரைய ஆறு மாதம் பிடிக்கிறது. பட்டு நெடுங்காலம் கிடக்கிறது. நூலுக்குப் பதில் குடலை இணைக்கும் ஸ்டேப்ளர் கருவி போடும் டைட்டானியம் ஊசிகள் கரைவதே இல்லை. இவற்றில் எது யார் குடலில் இருக்கிறது என்ற குறிப்பு நோயாளியோடு போகாவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து எதை எதோடு ஒப்பிடுவது?

நூலை வைத்துப் பெரிய ஆய்வு நடத்த நம்மால் முடியும். 2021இல் லான்செட் இதழில் வந்த ஃபால்கன் ஆய்வில் இந்தியா உட்பட 7 நாடுகளின் 5,788 நோயாளிகள் இருந்தார்கள். டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய நூல் காயத்தில் தொற்றைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள், குறைக்கவில்லை. அதற்கு 30 நாள் கண்காணிப்பு போதுமானதாக இருந்தது. புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும்.

சென்னையில் தலைமையகம் கொண்ட உங்கள் சங்கம், குடல் அறுவைக்கான டிஸ்சார்ஜ் சம்மரியில் நூலின் பெயரும் வகையும், ஸ்டேப்ளர் என்றால் அதுவும் இடம்பெற வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும். புற்றுநோய்ப் பதிவேடுகளிலும் அதைச் சேர்க்கும்படி அரசிடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு வரிதான்.

அறுவை முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது. அம்மாவுக்கு அடுத்த மாதம் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை. தையல் இருந்த இடத்தைப் பார்க்கப்போகிறவர் வேறு மருத்துவர். என்ன நூல் என்று அவர் கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் தாள் இல்லை.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்