மொய் நோட்டை விலைக்கு வாங்காதே, மல்லிகா

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மல்லிகா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் நலம் என்று சுந்தரி சொன்னாள். உன் மூட்டுவலி குறைந்ததா என்பதை மட்டும் நீயே எழுது; அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது விடுதிக் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவளிடம் நீ குறைப்பட்டுக்கொண்டாயாமே. அதற்கு வட்டியும் முதலுமாக இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன்னோடு தொலைபேசியில் பேசினால் நான் 'ம்' கொட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும்.

காரைக்குடிக் கடைக்கு மின்னஞ்சல் சந்தாதாரர் பட்டியல் ஒன்று வேண்டும் என்று நீ முடிவு செய்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், சேலை வாங்கும் பெண்கள் ஐம்பதாயிரம் பேரின் முகவரிகளை ஒரு பென் டிரைவில் போட்டு மொத்த விலைக்குத் தருவதாக யாரோ ஒருவர் உன்னிடம் பேரம் பேசுகிறார் என்றும், உன் மருமகனும் அதற்குத் தலையாட்டுகிறார் என்றும் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரான் வீட்டுக் கல்யாணத்து மொய் நோட்டை விலைக்கு வாங்கி, அதில் பெயருள்ளவர்களுக்கெல்லாம் உன் வீட்டுப் பத்திரிகையை அனுப்பினால் எத்தனை பேர் பந்திக்கு வருவார்கள்?

ஐம்பதாயிரத்தில் ஐம்பது பேர் வாங்கினாலும் லாபம்தானே என்று நீ கேட்பாய். ஆனால் வாங்காதவர்களால் வரும் நட்டம் அவர்களோடு நிற்பதில்லை. அப்படிப்பட்ட பட்டியலில் பல முகவரிகள் என்றோ செத்துப்போனவை. அவற்றுக்குப் போகும் கடிதங்கள் போன வேகத்தில் திரும்பி வரும். சில முகவரிகள் பொறிகள். எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத அவற்றை, முகவரி திருடுபவர்களைப் பிடிப்பதற்கென்றே ஸ்பேம் எனப்படும் வேண்டாத மின்னஞ்சலைத் தடுக்கும் அமைப்புகள் வைத்திருக்கின்றன. மீதமுள்ளவர்களில் எரிச்சலடைந்த சிலர் 'இது ஸ்பேம்' என்ற பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குள் இருப்பதே நல்லது என்று கூகுள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதாவது ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே நீ வரம்பில் நிற்கிறாய். அதைத் தாண்டினால் உன் கடையின் டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, இருக்கும் நற்பெயரே கெட்டுவிடும். அதன்பின், கறுப்பும் மஞ்சளும் கலந்த கட்டம் தறியிலிருந்து இறங்கியதும் சொல்லுங்கள் என்று தானாகக் கேட்டு வைத்த பெங்களூர் அம்மாளுக்கு நீ அனுப்பும் கடிதமும் ஸ்பேம் பெட்டிக்குள்தான் போய் விழும். நீ எழுதவில்லை என்று அவரும், அவர் வாங்கவில்லை என்று நீயும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னை உறுத்துவது இதுதான். போதாக்குறைக்கு, பெயர் பெற்ற மின்னஞ்சல் அனுப்பு நிறுவனங்கள் விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்பதே இல்லை. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

வரலாறு படித்தவளாயிற்றே, உனக்காக ஒன்று சொல்கிறேன். கேளாமல் அனுப்பிய முதல் வணிக மின்னஞ்சல் என்று சொல்லப்படுவது 1978 மே 3 அன்று போனது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி ஒருவர், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய நானூறு பேருக்கு, எங்கள் புதுக் கணினிகளை வந்து பாருங்கள் என்று அழைப்பு அனுப்பினார். உடனே கண்டனம் குவிந்தது. கணினி விற்கவும் செய்தது என்று அவர் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், எப்படியும் உன் மருமகன் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அன்று புகார்களை எண்ணிப் பார்த்துக் கதவடைக்க எந்த இயந்திரமும் இல்லை.

எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று சுந்தரி என்னையும் கேலி செய்தாள். வாட்ஸ்அப்பை நானும் விடவில்லை. ஆனால் அதில் ஓர் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது; அதுவும் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். விமலாவுக்கு நடந்தது உனக்குத் தெரியுமல்லவா? படம் போடும் தளம் ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு காலையில் அவளுடைய பக்கம் காரணம் சொல்லப்படாமல் முடங்கியது. தன் வாடிக்கையாளர்களில் ஒருவருடைய முகவரிகூட அவளிடம் தனியாக இல்லை. மின்னஞ்சல் பட்டியல் அப்படியல்ல. அதை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், இந்த நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

என் காபித்தூள் கடையின் பட்டியலில் இன்னும் ஆயிரம் பேர் சேரவில்லை. அதற்காக நான் வெட்கப்படவில்லை, ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் எதற்காகச் சேர்ந்தோம் என்று தெரிந்து சேர்ந்தவர்கள். பில் போடும் மேசையில், "பீபரி வறுக்கும் நாளுக்கு முந்தைய மாலை உங்களுக்கு ஒரு கடிதம் வரும், வேறெதற்கும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்" என்று எழுதிய ஓர் அட்டையை வைத்தேன். வறுத்த மணம் கடைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மட்டும், "என் பென்ஷன் பணத்தைப் பிடுங்க இது புதுவழியா, அம்மா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி, கட்டம் போட்ட எழுத்துகளில் தன் முகவரியை எழுதினார். அன்றிலிருந்து என் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வருகிறது: "சிக்கரி கலக்காத 'காபிதூள்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'த்' எங்கே போயிற்று?" பிழையைத் திருத்திய கையோடு கால் கிலோவுக்கு ஆர்டரும் கொடுத்துவிடுவார். இப்போதெல்லாம் அவருக்குப் பயந்தே நான் கடிதத்தை இருமுறை படிக்கிறேன். இப்படி வரும் பதில்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. படிப்பவர் பதில் எழுதும் கடிதத்தை ஜிமெயில் போன்ற மின்னஞ்சல் நிறுவனங்கள் வேண்டிய கடிதமாகவே மதிக்கின்றன.

உன் கடைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கண்டாங்கிச் சேலை வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பார்சலைப் பிரிக்கும் நேரத்தில்தான் அதை எப்படித் துவைப்பது என்ற கேள்வி வருகிறது. முதல் நனைப்புக்கு உப்புத் தண்ணீர் வேண்டுமா, கஞ்சி எவ்வளவு போடுவது, எந்த நிறத்தை நிழலில் உலர்த்துவது என்று நீ வாயால் சொல்வதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, "முகவரி தந்தால் இதை அனுப்புகிறேன்" என்று ஒரு சீட்டைப் பார்சலுக்குள் வைத்துப் பார். பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொல்லி முகவரி கேட்கலாம் என்ற உன் மருமகனின் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளுபடிக்காக வருபவர்கள் ஒரு முகவரியைக் கொடுத்து, தள்ளுபடியை வாங்கிக்கொண்டு, அந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். தவிர, தறிக்காரருக்கு நீ கொடுக்கும் கூலிக்குப் பிறகு உனக்கு மிஞ்சுவதில் பத்து சதவீதம் எங்கே இருக்கிறது?

சென்னைக் கண்காட்சியில் வந்தவர்கள் கருத்து எழுதிய நோட்டு உன்னிடம் இருக்கிறது என்று தெரியும். அதிலுள்ள முகவரிகளையும் அப்படியே பட்டியலில் கொட்டிவிடாதே. அவர்கள் பாராட்டு எழுதினார்கள். விளம்பரத்துக்குச் சம்மதம் எழுதவில்லை. நம் நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, தெளிவான செயலால் கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆகவே அவர்களில் முகம் நினைவிருப்பவர்களுக்கு மட்டும் நீயே தனித்தனியாக இரண்டு வரி எழுதி, சேர்க்கட்டுமா என்று கேள். வேலை அதிகம்தான்.

சேர்பவர்களுக்கு உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று போகும்படி அமைத்துக்கொள். அதிலுள்ள லிங்கை அழுத்திய பிறகே பெயர் பட்டியலில் ஏறட்டும். கையால் எழுதிய முகவரியில் 'எல்' எது, 'ஒன்று' எது என்று புரியாமல் நாம் தவறாக ஏற்றுவதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். சிலர் லிங்கை அழுத்த மறந்து விட்டுப்போவார்கள், போகட்டும்.

அனுப்பும்போது உன் சாதாரண ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போடாதே. அனுப்பு நிறுவனம் ஒன்றின் வழியாக அப்படி அனுப்பும் கடிதங்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கடையின் டொமைனில் ஒரு முகவரி வைத்து, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் அதில் சேர்க்க வேண்டும். கடிதம் உண்மையில் உன் கடையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு அவை சாட்சி. நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம், அந்த ஆண்டு ஜூனிலிருந்து ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கட்டாயம். நீ அவ்வளவு அனுப்பப் போவதில்லை என்றாலும் செய்து வைத்துவிடு. ஒருவர் விலகினால் மனம் நோகாதே, ஏன் விலகினீர்கள் என்று தொலைபேசியிலும் கேட்காதே. நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்று ஒரு கணக்கு காட்டும்; உன் மருமகன் அதைப் பார்த்துத் துள்ளுவார். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பால், திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பதில் எழுதியவர்களையும், சேலை கேட்டவர்களையும் மட்டும் எண்ணு.

முதல் கடிதத்தை எனக்கு அனுப்பு, பிழை பார்க்க எங்கள் வங்கி அதிகாரியையே நியமிக்கலாம். ருக்மிணி மகள் கல்யாணத்துக்கு நான் முந்தின நாளே காரைக்குடிக்கு வந்துவிடுவேன். அந்த மூன்று பதிவுகளையும் அன்று மாலை சேர்ந்தே போட்டுவிடலாம். டொமைன் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் உன் மருமகனிடமிருந்து அதற்குள் வாங்கி வை.

அன்புடன்,
பார்வதி