மூலை நாற்காலியில் யாரை உட்கார வைப்பீர்கள்?

தமிழ்த் தொலைக்காட்சிகளில் சொல் விளையாட்டு நிகழ்ச்சி தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வணக்கம். லாங் பஜார் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன் நான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கியே வயதாகிவிட்டது.

மகள் மான்செஸ்டரில் நர்ஸ். போன வருஷம் அங்கே போய் ஐந்து மாதம் இருந்தோம். அவள் டூட்டிக்குப் போனபிறகு பிற்பகலில் எனக்குத் துணை அந்த ஊர் டிவியில் வரும் ‘கவுண்ட்டவுன்’ என்ற சொல் விளையாட்டுதான். 1982 நவம்பர் 2ஆம் தேதி, சேனல் 4 ஒளிபரப்பைத் தொடங்கிய அன்றே தொடங்கிய நிகழ்ச்சி அது. ஆடுகிறவர் உயிரா மெய்யா என்று கேட்டுக் கேட்டு ஒன்பது எழுத்து வாங்குவார். முப்பது விநாடிக்குள் அதில் நீளமான சொல்லைப் பிடிக்கவேண்டும். ஜெயித்தால் லட்சமும் இல்லை, காரும் இல்லை; ஒரு டீ பாட் தருகிறார்கள்! அதற்கு அத்தனை பேர் முட்டிமோதுகிறார்கள். எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனாலும் எழுத்தைக் கண்டால் கை பரபரக்கும்.

நான் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல, மேடையின் மூலையைப் பற்றி. அங்கே அகராதியோடு சூசி டென்ட் என்ற அம்மா உட்கார்ந்திருப்பார், 1992லிருந்து. பக்கத்து நாற்காலி விருந்தினருக்கு. வந்தவர் கையாட்டிவிட்டுப் போய்விட முடியாது. வரிசையாக ஐந்து நிகழ்ச்சிக்கு அதே ஆள்தான். சொல்லும் தேடவேண்டும், நடுவில் ஒரு கதையும் சொல்லவேண்டும். ஜைல்ஸ் பிரான்ட்ரெத் என்று ஒருவர், கண்ணைப் பறிக்கிற ஸ்வெட்டருக்குப் பேர் போனவர். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அந்த நாட்டின் ஸ்கிராபிள் போட்டியை 1971இல் ஆரம்பித்தவரும் அவரே. அவர் வாயைத் திறந்தால் பாதி எனக்குப் புரியாது; சிரிப்பு மட்டும் வந்துவிடும். பாம் அயர்ஸ் அம்மாவும் எனக்குப் பிடிக்கும். வீட்டுப் பாடுகளையே எதுகையோடு பாட்டாகக் கட்டிச் சொல்கிறவர்.

இங்கே? பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன், சேனல் பேர் வேண்டாம். அடுத்த வாரம் படம் வருகிற நாயகன் விருந்தினர். திரையில் வந்த நான்கு எழுத்துத் தமிழ்ச் சொல்லைப் படிக்கத் தெரியாமல், “ப்ரோ, இங்கிலீஷ்ல போடுங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஏன் கைதட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆளா இல்லை நம்மிடம்? பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காங்கேயநல்லூர். வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர். ஒரு சொல்லை எடுத்தால் அதைப் பிரித்து, சேர்த்து, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேள்வி கேட்டு, கடைசியில் முருகனிடம் கொண்டுபோய் விடுவார். அவருக்கு அந்த நாற்காலி வாய்க்கவில்லை. கிரேசி மோகனும் 2019இல் போய்விட்டார். பார்த்திபன் இருக்கிறார்; அவரை ஐந்து நாள் உட்கார வையுங்கள், படத்துக்கு விளம்பரம் தேடி அல்ல, சொல்லுக்காக. எங்கள் வட ஆர்க்காட்டுக் கூத்திலிருந்து ஒரு கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள். விடிய விடிய வாய்க்கு வந்த சொல்லை வைத்தே ஊரைச் சிரிக்கவைக்கிற ஆளுக்கு முப்பது விநாடி எம்மாத்திரம்?

தமிழில் 247 எழுத்தாயிற்றே, ஒன்பதை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். அதற்குக் கம்பாசிட்டரைக் கேளுங்கள். ‘க’, ‘து’, ‘ல்’, ‘ம்’ எல்லாம் கேஸில், அதாவது ஈய எழுத்துகளைப் போட்டுவைக்கும் அறைப்பெட்டியில், எவ்வளவு போட்டாலும் பாதிப் பக்கத்திலேயே தீர்ந்துபோகும். ‘ஞௌ’வைத் தேடி என் கை போனதே இல்லை. கேஸில் எது எத்தனை கிடந்ததோ அந்தக் கணக்கில் அட்டை போட்டால் ஆட்டம் ஓடும்.

ஓட்டியும் பார்த்துவிட்டேன். மிச்சமான கல்யாணப் பத்திரிகையைச் சதுரம் சதுரமாக வெட்டி, பின்பக்கம் எழுத்து எழுதி, லீவுக்கு வந்த பேரனோடு உட்கார்ந்தோம். விழுந்தவை: ம, ல், கு, ட், டை, வி, லா, ளை, று. அவன் ‘மட்டை’ என்றான். நான் ‘குட்டை’ என்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரி, “மல்லாட்டை” என்றாள். ஐந்து எழுத்து!

பேரன் உடனே போனில் தேடினான். “அப்படி ஒண்ணு இல்ல ஆயா. நிலக்கடலைன்னுதான் இருக்கு.”

“அந்த மல்லாட்டையத்தான்டா காலைல ஒரு படி அவிச்சுத் தின்ன” என்றாள்.

சண்டையைத் தீர்க்க மூலை நாற்காலியில் ஆள் இல்லை. இருந்திருந்தால், மணிலாக்கொட்டைதான் மல்லாக்கொட்டையாகி, ஆர்க்காட்டுக்காரன் வாயில் மல்லாட்டையாகச் சுருங்கியது என்று சொல்லியிருப்பார். அந்தப் பெயருக்குள் பிலிப்பைன்ஸின் மணிலா இருக்கிறது என்று கேட்டால் பையன் போனைக் கீழே வைத்திருப்பான். சொல் செல்லுமா செல்லாதா என்ற தீர்ப்பு அதற்குப் பிறகு வரட்டும். நானாக இருந்தால் ஐந்து புள்ளியும் கொடுத்துவிடுவேன், வீட்டில் சோறு கிடைக்கவேண்டுமே.

அட்டைகள் ஒரு ஸ்வீட் பாக்ஸில் பத்திரமாக இருக்கின்றன. ‘ழ’ மட்டும் இரண்டு குறைகிறது, எழுதிச் சேர்த்துவிடுகிறேன். எப்போது வேண்டுமோ ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
சத்துவாச்சாரி, வேலூர்.